கொடைக்கானல் ஏற்றமும் எங்கள் கிளட்சும்

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் பாதையில் வத்தலக்குண்டு ஒரு வாயிற்படி போன்றது. சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் என்பதால் அதற்குப் பெருமை; மலைவாழைத் தார்களும் காய்கறி மூட்டைகளும் வந்து இறங்குவதால் அதற்குப் பரபரப்பு. அவ்வூரைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் நிற்கும் வண்டி, அடுத்த 50 கிலோமீட்டருக்குள் 2,100 மீட்டருக்கு மேல் ஏறிவிட வேண்டும். எந்த எஞ்சினும் தன் உண்மை நிலையை ஒளித்துவைக்க முடியாத பாதை அது. எஞ்சினை மட்டும் சொல்வதேன்? ஓட்டுகிறவரும் அங்கே ஒன்றையும் ஒளித்துவைக்க முடியாது.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு புதன்கிழமை காலையில் நாங்கள் இருவரும் எங்கள் பழைய காரில் மதுரையை விட்டுப் புறப்பட்டோம். கணவன், மனைவி இருவருக்கும் கார் ஓட்டத் தெரியும். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் குறை கூறுவார். இப்பொறுப்புகள் வழியில் மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் இக்கட்டுரையில் எந்தத் தவற்றை யார் செய்தார் என்று வாசகர் தேட வேண்டாம். எல்லாம் நாங்கள் செய்ததே.

செண்பகனூரில் தனியே வசிக்கும் எங்கள் பெரியம்மாவை அழைத்து வருவதே பயணத்தின் நோக்கம். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபத்தெட்டு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மதுரையில் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. வலக்கண் ஏறக்குறைய மூடிவிட்டது, இடக்கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. ஒரு முறை தேதி தவறினால் மீண்டும் தேதி கிடைக்கச் சில வாரங்கள் ஆகும். "நான் பஸ்ஸில் வந்துவிடுகிறேனே, உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று அவர் தொலைபேசியில் சொன்னார். "கார் எதற்கு இருக்கிறது, பெரியம்மா?" என்று நாங்கள் சற்றே பெருமையுடன் பதில் சொன்னோம்.

அந்தக் காரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய சிறு வண்டி அது. கியர் தரையில் இருக்கும். கிளட்ச் பெடலுக்கும் கியர்பாக்சுக்கும் இடையே ஓர் இரும்புக் கேபிள்தான் தொடர்பு. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அது எங்களிடம் ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தது. ரிவர்ஸ் கியர் போடும்போதெல்லாம் பற்கள் உராயும் 'கரகர' ஓசை எழும். பணிமனைக்குச் சென்று, "கிளட்ச் சரியாக விடுபடவில்லை, கேபிளை இறுக்கிக் கொடுங்கள்" என்று நாங்களே நோயையும் மருந்தையும் ஒருங்கே சொன்னோம். அவர்களும் இறுக்கினார்கள். சில நாட்களில் வண்டிக்கு இழுவை குறைந்தது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாயிற்று. எஞ்சின் பலவீனம் என்று முடிவுகட்டி ஸ்பார்க் பிளக்குகளையும் காற்று வடிகட்டியையும் மாற்றினோம். கால்வலிக்காரருக்குப் பல் பிடுங்கியது போலாயிற்று நாங்கள் செய்தது.

சமவெளியில் வண்டி நன்றாகவே ஓடிற்று. மலை தொடங்கியதும் மூன்றாவது கியரில் ஏறினோம். மலைச்சரிவில் காப்பிச் செடிகளும் வாழையும் நிழல்மரங்களும் கலந்து நின்றன. டம்டம் பாறை என்னும் இடத்தில் எல்லாரையும் போல நாங்களும் இறங்கி நின்றோம். எதிர்மலையிலிருந்து தலையாறு அருவி மெல்லிய வெள்ளை நூலாக விழுவது அங்கிருந்து தெரியும். எலிவால் அருவி என்று மக்கள் அழைப்பது இதனையே. உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டிலேயே மிக உயர்ந்த அருவி இதுவென்பர். அன்று நீர் குறைவு. எனினும் நெடுநேரம் நின்று பார்த்தோம். அப்படி நின்றது வண்டியின் சூடு தணிய உதவிற்று என்பதைப் பிற்பாடே உணர்ந்தோம்.

பாறையைக் கடந்த பின்னர் தொல்லை வெளிப்பட்டது. முன்னே ஒரு பாரவண்டி நத்தைபோல் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நாங்கள் நிற்பதும் நகர்வதுமாகப் போனோம். ஏற்றத்தில் நிற்கும்போது கைபிரேக்கை இழுக்காமல், கிளட்சைப் பாதி விட்டு, எஞ்சின் வலிமையிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தோம். திறமை என்று எண்ணி நாங்கள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வித்தை அது. பாரவண்டி ஒதுங்கி வழிவிட்டதும் ஆக்சிலேட்டரை மிதித்தோம். எஞ்சின் உறுமிற்று, வண்டியோ வேகம் எடுக்கவில்லை. இன்னும் மிதித்தோம், உறுமல்தான் கூடிற்று. உடனே பழைய துணியும் காகிதமும் சேர்ந்து கருகுவது போன்ற ஒரு காரமான நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது. ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

முதல் கியரில், கால்நடையைவிடச் சற்றே விரைவாக, நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு, ஒருவாறு பெருமாள்மலை வரை வந்து சேர்ந்தோம். பழனியிலிருந்து வரும் மலைச்சாலையும் வந்து கலக்கின்ற சிற்றூர் அது. சில கடைகள், தேநீர் விடுதிகள், வானில் முட்டும் பெருமாள் மலைச் சிகரம். கொடைக்கானல் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். செண்பகனூர் அதற்கும் முன்னரே வந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம்தான். எப்படியாவது ஓட்டிச் சென்றுவிடலாமே என்ற ஆசை எங்களுக்கு இருந்ததை மறைப்பானேன்?

சாலையோரத்தில் தகரக் கூரையிட்ட ஒரு பணிமனை இருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க மெக்கானிக் ஒருவர் கம்பளித் தொப்பியுடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதுவதை அவர் விரும்பமாட்டார். எங்கள் வண்டி வந்து நின்ற விதத்திலேயே அவருக்குப் பாதி விளங்கியிருக்கும். ஆயினும் அவர் எழுந்ததும் மூடியைத் திறக்கவில்லை. கருவி எதையும் எடுக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"எப்ப இருந்து சார் இப்படி? சமீபத்தில கை வச்சாங்களா?"

ரிவர்ஸ் கியரின் ஓசையையும், கேபிள் இறுக்கியதையும் சொன்னோம். அவர் குனிந்து, கிளட்ச் பெடலைக் காலால் அல்ல, கையால் மெல்ல அழுத்திப் பார்த்தார். கேபிள் உள்ள பழைய வண்டிகளில் பெடலின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு விரற்கடை அளவு சும்மா இறங்க வேண்டும். அதற்குப் பின்னரே கனம் தெரிய வேண்டும். எவ்வளவு என்பதை அந்தந்த வண்டியின் கையேடு கூறும். எங்கள் பெடலில் அந்தச் 'சும்மா' அறவே இல்லை. தொட்டவுடனே கனத்தது.

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, எல்லாக் கியர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி போல விழுந்தன. "எஞ்சின் நிக்கிறப்ப கியர் விழுந்து, ஓடுறப்ப விழலைன்னா குத்தம் கிளட்ச்சில. நிக்கிறப்பவே விழலைன்னா கியர் ராடு, இல்லை பெட்டி. இதைப் பார்க்காம யாரும் எதையும் கழட்டக்கூடாது" என்றார். இத்துணை எளிய சோதனையை நாங்கள் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை.

எஞ்சினை மீண்டும் இயக்கி, கிளட்சை முழுதாக அழுத்தி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய்விட்டு எண்ணி ரிவர்ஸ் போட்டார். ஓசையே இல்லை. "சத்தம் எங்கே சார்?" என்று எங்களைப் பார்த்தார்.

நாங்கள் எண்ணியதே இல்லை. கிளட்சை மிதித்த கணத்திலேயே ரிவர்சைத் தள்ளுவது எங்கள் வழக்கம். அவர் விளக்கினார். வண்டி நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்சின் உள்தண்டும் அதனோடு சேர்ந்த பற்சக்கரங்களும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. கிளட்சை அழுத்தினால் எஞ்சினின் தொடர்பு அறும். ஆனால் சுழலும் சக்கரம் நிற்கச் சில நொடிகள் வேண்டும். முன்னோக்கிய கியர்களில் வேகத்தைச் சமப்படுத்தும் வளையங்கள் உண்டு. பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்சுக்கு அந்த வளையம் இல்லை. பொறுக்காமல் போட்டால் பல்லும் பல்லும் மோதும். மூன்று வரை எண்ணினால் போதும். அவசரமானால் முதலில் ஒரு முன்கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸ் போட்டாலும் சக்கரம் நின்றுவிடும். நான்கைந்து நொடி பொறுத்த பின்னும் உராய்ந்தால்தான் கிளட்ச் முற்றிலும் விடுபடவில்லை என்று ஐயுற வேண்டும். அப்போதுதான் தளர்ந்த கேபிளையோ, வளைந்த பிளேட்டையோ, கேபிளுக்குப் பதில் எண்ணெயால் இயங்கும் கிளட்சானால் எண்ணெய் குறைந்ததையோ காற்று புகுந்ததையோ தேட வேண்டும்.

ஆக, இல்லாத நோய்க்கு நாங்கள் கேபிளை இறுக்கச் சொல்லியிருந்தோம். இறுகிய கேபிள் ஓயாமல் கிளட்சைச் சிறிதளவு அழுத்திக்கொண்டே இருந்தது.

கடைசிச் சோதனைக்கு முன்பாகச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கைபிரேக்கை முழுதாக இழுத்தார். வண்டியின் முன்னே யாரையும் நிற்கவிடவில்லை. மூன்றாவது கியரைப் போட்டு, எஞ்சினைச் சற்றே முடுக்கி, கிளட்சைச் சீராக விட்டார். நல்ல கிளட்சானால் எஞ்சின் திணறி உடனே அணைய வேண்டும். எங்கள் எஞ்சினோ ஒன்றும் நடவாதது போல ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நொடியில் அவரே அணைத்துவிட்டார். "இதை ஒரு தடவைக்கு மேல செய்யக்கூடாது. பிளேட் இன்னும் எரியும்."

கேபிளின் மரையைத் தளர்த்தி, பெடலுக்கு அந்த இரண்டு விரற்கடையை மீட்டுக்கொடுத்தார். வண்டி ஆறிய பின் ஒரே ஒருமுறை மறுபடியும் பார்த்தார். இம்முறை எஞ்சின் நடுங்கிற்று, தயங்கிற்று, பிறகு அணைந்தது.

"பாதி உசுரு இருக்கு" என்றார்.

எங்கள் முகம் மலர்ந்தது. அப்படியானால் செண்பகனூர் வரை சென்று, பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு மெதுவாக இறங்கிவிடலாமா என்று கேட்டோம். இறக்கம்தானே!

அவர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, "தனியா இருந்தா நீங்க இறங்குங்கன்னு சொல்லிடுவேன் சார். மலை இறக்கத்தில கியர்தான் வண்டியைப் பிடிக்குது, கியரைப் பிடிக்கிறது கிளட்ச். அது வழுக்கினா எல்லாப் பாரமும் பிரேக் மேல. பிரேக் சூடாகி அமுங்காமப் போனா? வயசான அம்மாவை அதில ஏத்தாதீங்க" என்றார். எந்த அம்மா என்று கேட்டார், சொன்னோம். "டீச்சர் வீடா?" என்று எழுந்து நின்றார். அவருடைய தம்பி பெரியம்மாவிடம் படித்தவராம்.

அதன் பின்னர் வாதம் செய்ய எங்களுக்கு வாய் எழவில்லை. மணி ஒன்றரை. எங்களில் ஒருவர் மேலே செல்லும் பேருந்தில் ஏறிச் செண்பகனூருக்குப் போனோம். மற்றவர் வண்டியோடு தங்கினோம். புதிய பிளேட் மறுநாள் முதல் பேருந்தில் வத்தலக்குண்டிலிருந்து வரும் என்று ஏற்பாடாயிற்று.

மேலே போனவர் கண்டதை முதலில் சொல்கிறோம். பெருமாள்மலைக்கு மேலே பாதை வெள்ளி நீர்வீழ்ச்சியை ஒட்டிச் செல்கிறது. 55 மீட்டர் உயரத்திலிருந்து நீர் சாலையோரத்திலேயே விழுகிறது. அப்பால் செண்பகனூர். சேசு சபையினர் 1895-இல் நிறுவிய திரு இருதயக் கல்லூரியும், பறவைகளும் பூச்சிகளும் பாடம்செய்து வைக்கப்பட்ட அருங்காட்சியகமும் இருக்கும் இடம். பெரியம்மா ஒரு பையுடன் வாசலில் காத்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் வருந்தவில்லை. "நான் அப்போதே பஸ் என்றேன்" என்றார், அவ்வளவுதான். பேருந்தில் முன்புறச் சன்னலோரம் அமர்ந்து, தெரியாத கண்ணால் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த மலைக்கு மோட்டார் பாதை அமைந்தது 1910-களில்தான் என்றும், அதற்கு முன் பெரியகுளத்துப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினார்கள் என்றும், நடக்க இயலாதவர்களை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்தார்கள் என்றும் பாடம் நடத்தினார். பெருமாள்மலையில் பேருந்து நின்றபோது மெக்கானிக் ஓடிவந்து சன்னல் வழியே வணங்கினார். "தம்பி சுகமா? வாய்ப்பாடு இப்போதாவது வருமா?" என்று அவர் கேட்க, பேருந்தே சிரித்தது.

வண்டியோடு தங்கியவருக்கு இரவு பணிமனையின் பின்னறையில் இடம் கிடைத்தது. குளிர் கடுமை. மெக்கானிக் அடுப்பருகே அமர்ந்து பழைய கதைகளைச் சொன்னார். அம்பாசிடர் வண்டியில், ஸ்டியரிங் தண்டின் மேல் கியர் இருந்த காலத்தில் தொழில் கற்றவர் அவர். 2014-இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்ற செய்தியைக் கேட்டு அன்று முழுவதும் மனம் சரியில்லையாம். தண்டின் மேல் கியர் உள்ள வண்டிகளில் இணைப்புகளின் புஷ்கள் தேய்ந்தால் இரண்டு கியர்களுக்கு நடுவே தடி சிக்கிக்கொள்ளும். மூடியைத் திறந்து கையால் விடுவிக்க வேண்டும். கியர்பாக்சையே குற்றம் சாட்டிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

ஓசையைக் கொண்டே நோயறியும் வழியையும் சொன்னார். பெடலை மிதிக்கும்போது மட்டும் கிறீச்சென்றால் ரிலீஸ் பேரிங். மிதியாதபோது இரைந்து, மிதித்தால் அடங்கினால் கியர்பாக்சின் உள்தண்டுப் பேரிங். ஒரே ஒரு கியர் மட்டும் உராய்ந்தால் அக்கியரின் சமன்செய்யும் வளையம் தேய்ந்திருக்கும். எல்லாக் கியரும் உராய்ந்தால் கிளட்சைப் பார்க்க வேண்டும். புறப்படும்போது வண்டி உதறினால், பிளேட்டில் எண்ணெய் கசிந்ததா, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் கிழிந்ததா என்று காண வேண்டும். ஓடும்போது கியர் தானே நழுவி வெளியே வந்தால் அதைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவது அறிவீனம். இதைச் சொல்லும்போது தாம் அவ்வாறு மூன்று மாதம் ஓட்டியதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் கியர்பாக்ஸ் இறங்கியது. பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். உராயும் பரப்பு ஆணித்தலை வரை தேய்ந்து, விளிம்பெல்லாம் கருகிக் கிடந்தது. அதனோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலில் நீலநிறத்தில் வெப்பத் தழும்புகள். பிளேட் தேயத் தேய பெடலின் அந்தச் 'சும்மா' தானாகவே குறைந்துகொண்டு வருமாம். எப்போதேனும் ஒருநாள் தளர்த்தியிருக்க வேண்டிய கேபிளையே நாங்கள் இறுக்கியிருக்கிறோம். இறுக்கியது ஒரு மாதக் கேடு. மீதி பல ஆண்டுக் கேடு. "இடது காலை எங்க வச்சு ஓட்டுவீங்க?" என்று கேட்டார். பெடலின் மேல்தான் என்று சொல்ல நாணமாக இருந்தது. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றினார். இறக்கி ஏற்றும் கூலி ஒன்றே என்பதால் ஒன்றை மட்டும் மாற்றுவது மிச்சமாகாது.

மூன்று மணிக்கு வண்டி ஆயத்தமாயிற்று. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரலில் விடவே கூடாது, ஏறுகின்ற வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்துவது காலுக்கே தெரிந்தது. இடது கால் மட்டும் பழக்கத்தால் அடிக்கடி பெடலைத் தேடி எழுந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தரையில் வைக்க வேண்டியிருந்தது. வத்தலக்குண்டு வருவதற்குள் முழங்கால் வலித்துவிட்டது.

இரவு மதுரையில் பெரியம்மா வலக்கண்ணில் மறைப்புடன் படுத்திருந்தார். சிகிச்சை நன்றாக முடிந்திருந்தது. "கார் வந்ததா?" என்பதே முதல் கேள்வி. தேய்ந்த பிளேட்டை அவர் கையில் வைத்தோம். விரலால் தடவிப் பார்த்து, "ஆணி தட்டுகிறதே" என்றார்.

ஐந்து வாரம் சென்றபின் அவரை அதே காரில் செண்பகனூருக்கு அழைத்துச் சென்றோம். முன்னிருக்கை கேட்டு அமர்ந்தார். டம்டம் பாறையில் இறங்கி, அருவி மெலிந்திருப்பதை எங்களுக்கு முன்னரே கண்டுவிட்டார். பெருமாள்மலையில் ஒரு தேநீர். வீட்டு வாசல் குறுகல். வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்சை அழுத்தினோம். பக்கத்திலிருந்து பெரியம்மா, வகுப்பறைக் குரலில், "ஒன்று, இரண்டு, மூன்று. இப்போது போடு" என்றார்.